ஜெர்மனியில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு இலையுதிர்கால விழாக்களை எப்படிக் கற்றுத் தருகிறார்கள்? மார்ட்டின் நாள் ஊர்வலத்துக்கு நம் குழந்தையை அனுப்பலாமா?

முதல் வகுப்பில் சேர்ந்திருக்கும் உங்கள் மகளின் பள்ளியிலிருந்து, நவம்பரில் லாந்தர் ஊர்வலம் நடக்கும் என்றும், அதற்கு முன்பு விளக்குச் செய்யப் பெற்றோர் ஒரு மாலை வர வேண்டும் என்றும் சுற்றறிக்கை வந்திருப்பதாகவும், அது ஒரு கிறித்தவப் புனிதரின் நாள் என்பதால் தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் ஜெர்மனியின் மேற்கிலுள்ள ரைன்லாந்தில் வசிக்கிறேன், என் பிள்ளைகள் இருவரும் இங்குள்ள தொடக்கப்பள்ளியில் படித்தவர்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தயங்காமல் அனுப்புங்கள், நீங்களும் உடன் போங்கள். குறிப்பாக, விளக்குச் செய்யும் அந்த மாலையைத் தவறவிடாதீர்கள். குழந்தை கற்பதில் பெரும்பகுதி அங்கேதான் நிகழ்கிறது.

இங்கே ஆறு வயதில் தொடங்கும் தொடக்கப்பள்ளி, பெரும்பாலான மாநிலங்களில் நான்கு ஆண்டுகள் (பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறு ஆண்டுகள்) நீள்கிறது. இயற்கையும் சமூகமும் சேர்ந்த ‘ஸாஹ்உன்டர்ரிஹ்ட்’ என்ற பாடத்தில் பருவங்களுக்கு முக்கியமான இடம் உண்டு. செப்டம்பரில் மகள் இரண்டு கால்சட்டைப் பைகளும் பிதுங்க, பளபளக்கும் பழுப்பு நிறக் காய்களோடு வீட்டுக்கு வந்தால் திகைக்க வேண்டாம். அவை குதிரைச் செஸ்ட்நட் காய்கள். மனிதர் உண்ணத் தகாதவை. உண்ணத்தக்க செஸ்ட்நட் வேறு மரத்தில் காய்ப்பது. இந்த வேறுபாட்டைத்தான் வகுப்பில் முதலில் சொல்லித் தருவார்கள். பிறகு பல்குத்தும் குச்சிகளைச் செருகி அவற்றை மனிதர்களாகவும் முள்ளெலிகளாகவும் மாற்றுவார்கள். முள்ளெலி ஏன் குளிர்காலம் முழுவதும் உறங்குகிறது, அணில் ஏன் இடையிடையே விழித்துத் தான் புதைத்த கொட்டைகளைத் தேடுகிறது என்பதெல்லாம் அந்த வாரங்களின் பாடம். ஹரிபோ என்ற மிட்டாய் நிறுவனம், குழந்தைகள் பொறுக்கிவரும் இக்காய்களையும் ஓக் கொட்டைகளையும் வாங்கிக்கொண்டு மிட்டாய் கொடுக்கும் வழக்கத்தைப் பல பத்தாண்டுகளாகக் கடைப்பிடித்திருக்கிறது. சேர்ந்த காய்கள் குளிர்காலத்தில் காட்டு விலங்குகளுக்கு உணவாகப் போகும். அக்டோபரில் வரும் இலையுதிர்கால விடுமுறைக்கு ‘உருளைக்கிழங்கு விடுமுறை’ என்ற பழைய பெயர் உண்டு. உருளைக்கிழங்கு அறுவடைக்குப் பிள்ளைகளின் கைகளும் தேவைப்பட்ட காலத்தின் எச்சம் அது.

அறுவடை நன்றி நாள் பொதுவாக அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமையில் வரும். தானியக் கதிர்களால் பின்னிய கிரீடத்தைத் தேவாலயத்தில் வைத்து, பீடத்தின் முன் பூசணி, ஆப்பிள், முட்டைக்கோசு, ரொட்டி ஆகியவற்றை அடுக்குவார்கள். பல இடங்களில் வழிபாடு முடிந்ததும் அப்பொருள்கள், 1993இல் பெர்லினில் தொடங்கி நாடெங்கும் பரவிய ‘டாஃபெல்’ உணவு உதவி மையங்களுக்குச் செல்கின்றன. பள்ளியைப் பொறுத்தவரை இது சிறிய நிகழ்வுதான்: ஆளுக்கு ஒரு காய் கொண்டுவரச் சொல்லி, வகுப்பிலேயே சூப் சமைத்து, உணவு எங்கிருந்து வருகிறது என்று பேசுவார்கள். ஹாலோவீனுக்கு எங்கள் பள்ளியில் அதைவிடக் குறைந்த இடமே கிடைத்தது. அது பெரும்பாலும் தெருவோடும் கடைகளோடும் நின்றுவிடும்.

உண்மையான பெருவிழா, நவம்பர் 11ஆம் தேதி வரும் மார்ட்டின் நாள்தான். மார்ட்டின் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். இன்றைய ஹங்கேரியில் உள்ள சோம்பதேய் நகரில், அன்று சவாரியா என்றழைக்கப்பட்ட ஊரில், ரோமப் படை அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்து, தாமும் படைவீரரானவர். கடுங்குளிர் காலத்தில் பிரான்சின் அமியான் நகர வாயிலில் ஆடையின்றி நடுங்கிய ஏழை ஒருவருக்காகத் தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பதே குழந்தைகளுக்குச் சொல்லப்படும் கதை. பின்னாளில் பிரான்சின் தூர் நகரில் ஆயர் (பிஷப்) ஆன அவர் 397ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி காலமானார். அடக்கம் செய்யப்பட்ட 11ஆம் தேதியே அவருடைய நாளாயிற்று.

இந்தக் கதையைக் கேட்கும் முதல் வகுப்புப் பிள்ளைகளில் யாராவது ஒருவர், “ஏன் முழு அங்கியையும் கொடுக்கவில்லை?” என்று கேட்டுவிடுவார்கள். என் மகனும் கேட்டான். மிக நல்ல கேள்வி அது. அவசரமாகப் பதில் சொல்லி முடித்துவிடக் கூடாது. மார்ட்டினை நேரில் அறிந்திருந்த சுல்பிசியுஸ் செவெருஸ் எழுதிய வரலாற்றின்படி, அன்று அவரிடம் அந்த அங்கியைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. மற்ற உடைகளையெல்லாம் முன்னமே பிறருக்குக் கொடுத்துத் தீர்த்திருந்தார். பாதி அங்கியோடு விகாரமாக நின்ற அவரைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள் என்றும் அந்நூல் சொல்கிறது. பள்ளியில் நடிக்கப்படும் நாடகத்தில் இந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. ஆனால் குழந்தையிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய பகுதி அதுதான் என்று கருதுகிறேன். ஏனென்றால், வகுப்பில் தனித்து நிற்கும் ஒரு பிள்ளைக்குத் தன் தின்பண்டத்தில் பாதியைக் கொடுக்கும் குழந்தை எதிர்கொள்ளப்போவது குளிரைவிட மற்றவர்களின் சிரிப்பைத்தான். மார்ட்டின் அப்போது திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கூடப் பெற்றிருக்கவில்லை என்பதும், பிற்பாடு இன்றைய ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் இருந்தபோது இனிமேல் போரிட மாட்டேன் என்று கூறிப் படையிலிருந்து விலகினார் என்பதும், பிள்ளைகள் சற்று வளர்ந்தபின் சொல்லத்தக்கவை.

கதை ஒருபுறம் இருக்க, இந்த நாளுக்கு உழவர் வாழ்வில் வேறொரு வேர் இருந்தது. ஐரோப்பாவின் பல பகுதிகளில் மார்ட்டின் நாளோடு வேளாண்மை ஆண்டு முடிவடைந்தது. குத்தகை செலுத்துவதும், பண்ணையாள்களுக்குக் கூலி கொடுத்துக் கணக்கு முடிப்பதும், குளிர்காலம் முழுக்கத் தீனி போட இயலாத கால்நடைகளை வெட்டுவதும் அப்போதுதான் நடந்தன. கிறிஸ்துமசுக்கு முந்தைய நோன்பும் அந்நாளையொட்டித் தொடங்கியதால், அதற்குமுன் வயிறாரச் சாப்பிட்டார்கள். இன்றும் உணவகங்களில் மார்ட்டின் நாளுக்கு வாத்துக் கறி (‘கூஸ்’ எனப்படும் பெரிய வாத்து) பரிமாறுகிறார்கள். ஆயர் பதவியை ஏற்க விரும்பாமல் வாத்துக் கொட்டிலில் ஒளிந்த மார்ட்டினை, வாத்துகள் கத்திக் காட்டிக்கொடுத்தன என்பது அதற்குச் சொல்லப்படும் செவிவழிக் கதை. வாத்துகள் குத்தகையாகவும் செலுத்தப்பட்டன என்பது மண்ணில் கால் பதித்த விளக்கம். தீவனக் கிழங்குகளைக் குடைந்து உள்ளே மெழுகுவத்தி வைத்துத் திரிந்த கிராமத்துப் பிள்ளைகளின் வழக்கம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரைன்லாந்து நகரங்களில் குதிரை வீரர் முன்செல்லும் ஒழுங்கான ஊர்வலமாக மாறியது. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் ஆசிரியர்கள் இதையும் தொட்டுச் செல்வார்கள்.

இப்போது விளக்கு. இலையுதிர்கால விடுமுறை முடிந்ததும் ஒவ்வொரு வகுப்பும் முள்ளெலி, ஆந்தை, நரி, நட்சத்திரம் என்று ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுக்கும். வட்டமான பாலாடைக்கட்டிப் பெட்டியின் அடிப்பாகத்தையும் மூடியையும் வளையங்களாக்கி, இடையே ஒளிபுகும் தாளைச் சுற்றுவது ஒரு முறை. ஊதிய பலூனின்மேல் பசை தடவிய வண்ணத்தாள் துண்டுகளை ஒட்டி, காய்ந்தபின் பலூனை உடைத்து எடுப்பது இன்னொரு முறை. பலூன் விளக்குக் காய ஓரிரு நாள் ஆகும். அந்தக் காத்திருப்பும் குழந்தைக்குப் பாடம்தான். உங்கள் கைத்திறனைக் காட்டும் ஆசையை அடக்கிக்கொண்டு, மடிப்புக் கோணலாக இருந்தாலும் மகளே ஒட்டட்டும் என்று விட்டுவிடுங்கள். அந்த மேசையில் உட்கார்ந்து பக்கத்துப் பெற்றோரிடம் கத்தரிக்கோல் கேட்கும்போதுதான் நமக்கும் ஊர் அறிமுகமாகிறது. மொழி தட்டுத்தடுமாறும் முதல் ஆண்டில் எனக்குக் கிடைத்த பழக்கங்களில் பல அந்த மாலையில் தொடங்கியவை.

கடிகாரத்தை அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவதால், நவம்பர் 11ஆம் தேதி கொலோன் பகுதியில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். குழந்தைகள் இருட்டில் ஊரைச் சுற்றி நடக்க அதனால்தான் வாய்க்கிறது. முன்னால் சிவப்பு அங்கி அணிந்தவர் குதிரையில் வருவார், ஊர் இசைக்குழு வாசிக்கும், பிள்ளைகள் வாரக்கணக்கில் பழகிய பாடல்களைப் பாடிக்கொண்டு செல்வார்கள். முடிவில் திடலிலோ பள்ளி முற்றத்திலோ தீயணைப்புப் படையினரின் காவலில் பெரிய தீ மூட்டி, அதனருகே அங்கியை வெட்டும் காட்சியை நடித்துக் காட்டுவார்கள். நம் சொக்கப்பனையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தீயின்முன் அந்நியம் தோன்றாது. பிறகு ‘வெக்மன்’ என்ற மனித வடிவ இனிப்பு ரொட்டியைக் கொடுப்பார்கள். உலர்திராட்சைக் கண்களும் கையில் களிமண் புகைக்குழாயும் இருக்கும். அதை அருகில் நிற்பவரோடு பிட்டுப் பகிர்வது பல வகுப்புகளில் வழக்கம். சில ஊர்களில் பிள்ளைகள் அதன்பின் வீடு வீடாகச் சென்று பாடி இனிப்பு வாங்குவார்கள். எல்லா இடத்திலும் நாளும் ஒன்றல்ல. நெரிசலைத் தவிர்க்கப் பல பள்ளிகள் முந்திய அல்லது பிந்திய நாள்களை எடுத்துக்கொள்கின்றன. எர்ஃபுர்ட் நகரில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் நவம்பர் 10ஆம் தேதி மாலை சேர்ந்து கொண்டாடுகிறார்கள். அது புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் 1483இல் பிறந்த நாள், மறுநாள் திருமுழுக்குப் பெற்றதால் அவருக்கு அந்தப் புனிதரின் பெயரையே வைத்தார்கள்.

சமயம் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். லாந்தர் ஊர்வலமும் சமயக் கல்வியும் தனித்தனி. பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் சமயக் கல்வி முறையான பாடமாக இருக்கிறது. அதில் குழந்தை கலந்துகொள்வதா என்று முடிவு செய்யும் உரிமையை ஜெர்மனியின் அரசியலமைப்பான 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு பெற்றோருக்கே தருகிறது. நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில், அரசு நடத்தும் தொடக்கப்பள்ளிகளிலேயே கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் சார்புடையவை உண்டு என்பதை மட்டும் கவனியுங்கள். அத்தகைய பள்ளியானால் வழிபாட்டுக்கும் சமயப் பாடத்துக்கும் இடம் கூடுதல். ஊர்வலத்துக்கு முன் தேவாலயத்தில் சிறு வழிபாடு இருந்தால், அதில் விருப்பமில்லாதவர்கள் ஊர்வலம் புறப்படும் இடத்துக்கு நேராக வந்து சேர்ந்துகொள்ளலாமா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். எங்கள் பள்ளியில் அதற்கு யாரும் முகம் சுளித்ததில்லை.

பிற சமயத்துக் குழந்தைகளுக்காக விழாவின் பெயரை வெறும் ‘விளக்கு விழா’ என்று மாற்ற வேண்டும் என்ற பேச்சு இங்கு அவ்வப்போது எழுகிறது. புலம்பெயர்ந்து வந்த பெற்றோராகச் சொல்கிறேன்: எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கியும் ஏழையும் இல்லாமல் விளக்கை மட்டும் கையில் கொடுத்தால், ஏன் நடக்கிறோம் என்பது குழந்தைக்குத் தெரியாமல் போகும். கதையை அதன் பெயரோடும் ஊரோடும் சமயத்தோடும் முழுதாகச் சொல்லட்டும். அதைக் கேட்ட குழந்தை தன் வீட்டுக் கதையையும் முழுதாகச் சொல்லட்டும். ஜெர்மனியின் ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் தேரோட்டத்தை ஜெர்மானியர்கள் திரண்டு வந்து பார்க்கிறார்கள். அந்தத் தேருக்கு வேறு பெயர் சூட்டும்படி நாம் அவர்களிடம் கேட்கப்போவதில்லை.

நவராத்திரியும் தீபாவளியும் இதே வாரங்களில்தான் வருகின்றன. வகுப்பில் காலையில் வட்டமாக அமர்ந்து பேசும் நேரத்தில் மகள் தீபாவளியைப் பற்றிச் சொல்லலாமா என்று கேளுங்கள். நரகாசுரன் கதையை மனப்பாடம் செய்வித்து அனுப்ப வேண்டாம். கையில் ஓர் அகல் விளக்கையும், வீட்டில் செய்த முறுக்கையும் கொடுத்தனுப்பினால் போதும். ஆறு வயதுப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளே அவளைப் பேசவைத்துவிடும். கார்த்திகை தீபம் ஊர்வலத்துக்குச் சில நாள்களோ வாரங்களோ கழித்து வரும் என்பதால், பள்ளிக்காகச் செய்த லாந்தரை அன்றும் வாசலில் ஏற்றலாம்.

சில நடைமுறைச் செய்திகள். சைவ உணவினரானால், வெக்மன்மேல் பெரும்பாலும் முட்டை பூசியிருப்பார்கள் என்பதையும், பிள்ளைகள் வாங்கிவரும் ஜெல்லி மிட்டாய்களில் உள்ள ஜெலட்டின் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுக்கப்படுவது என்பதையும் நினைவில் வையுங்கள். வேறு ரொட்டியும் மிட்டாயும் பையில் இருந்தால் குழந்தை ஏமாறாது. மெழுகுவத்தியைவிடக் குச்சியின் நுனியில் சிறு பல்பு எரியும் மின்கலப் பிடி பாதுகாப்பானது, ஆனால் மாற்று மின்கலம் எடுத்துச் செல்லுங்கள். மழைக்காலணியும் கையுறையும் வேண்டும். சூடான பழச்சாறு கொடுப்பார்கள். கோப்பையைப் பல பள்ளிகளில் நாமே கொண்டுவர வேண்டும். சுற்றறிக்கையின் அடியில் வெக்மன் எத்தனை வேண்டும் என்று கேட்கும் சீட்டு இருந்தால், வீட்டில் உள்ள தம்பி தங்கைகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, குறிப்பிட்ட நாளுக்குள் பணத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுமனையில் முன்பதிவுக்கு ஏற்பவே சுடுவார்கள் என்பதால், அன்று மாலை கூடுதலாகக் கேட்டால் கிடைக்காது.