வீட்டில் கட்டிய அலுமினிய விமானத்துக்குப் பெயின்ட்: கேட்டதும் சொன்னதும்

விமானத் தகடு வேலையிலும் பெயின்ட் வேலையிலும் 28 வருஷம் இருந்துவிட்டு, இப்போது கோவையில் ஓய்வில் இருக்கிறேன். கிட் (பாகங்களாக வரும் விமானத் தொகுப்பு) வாங்கி, சொந்த ஷெட்டில் ரிவெட் அடித்து, இரண்டு பேர் உட்காரும் விமானம் கட்டுகிறவர்களுக்குக் கூடமாட உதவுவது உண்டு. பெயின்ட் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கரூரிலிருந்து: அண்ணா, எங்க ஊர்ல பஸ் பாடி பெயின்டர்கள் அருமையா அடிப்பாங்க. அவங்களையே வெச்சுக்கலாமுங்களா?

தாராளமாக. கரூர், நாமக்கல், திருச்செங்கோடு பெயின்டர்களின் கைப்பக்குவம் எனக்குத் தெரியும். ஸ்ப்ரே கன் பிடிக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பட்டி டப்பாவை மட்டும் ஷெட்டுக்குள் விடாதீர்கள். பஸ்ஸில் மேடு பள்ளம் தெரியாமல் பட்டி பார்ப்பது அழகு. விமானத்தில் ரிவெட் தலைமேல் பட்டி ஏறவே கூடாது. ரிவெட் தளர்ந்தால் அதன் பின்னால், காற்று போகும் திசையில், புகை படிந்த மாதிரி ஒரு கருங்கோடு விழும். அதைப் பார்த்துத்தான் நாம் கோளாறைக் கண்டுபிடிக்கிறோம். பட்டி மூடினால் கோடும் தெரியாது, விரிசலும் தெரியாது. எடையும் வீணாகக் கூடும்.

உப்புத்தாளிலும் கவனம் வேண்டும். ஆல்கிளாட் தகட்டில் கலப்பு உலோகத்தின் இருபுறமும் சுத்த அலுமினியப் படலம் ஒன்று இருக்கும். 0.8 மில்லிமீட்டர் தகட்டில் அது பக்கத்துக்குச் சுமார் 0.04 மில்லிமீட்டர்தான். துருவைத் தடுப்பதே அந்தப் படலம். அழுத்தித் தேய்த்தால் போய்விடும். மெரூன் நிற ஸ்காட்ச் பிரைட்டால் பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேய்த்தால் போதும். இரும்பு நார் வேண்டவே வேண்டாம். அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து, பெயின்ட்டுக்கு அடியில் அரிக்கத் தொடங்கும்.

பல்லடத்திலிருந்து: ஐயா, தகட்டைக் கழுவப் போர் தண்ணீர் போதுமா?

முதல் கழுவலுக்குப் போதும், கடைசிக்குக் கூடாது. ஒரு தடவை அவசரத்தில் போர் தண்ணீரிலேயே அலசி முடித்துவிட்டு ஒரு ரடருக்கு (விமானத்தை இடம் வலம் திருப்பும் வால் பலகை) பிரைமர் அடித்தேன். ஐப்பசி மழை முடிந்ததும் பார்த்தால் கீழ் ஓரத்தில் கடுகு கடுகாகக் கொப்புளம். ஒன்றைக் கீறினேன், உள்ளே வெள்ளைப் பொடி. தண்ணீரில் இருந்த உப்பு செய்த வேலை. முழு ரடரையும் சுரண்டி எடுத்தேன். அன்றிலிருந்து கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர்தான்.

சுத்தமாகிவிட்டதா என்று தெரியத் தண்ணீரையே ஊற்றிப் பாருங்கள். தாமரை இலையில் மாதிரி உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. விரித்த துணிபோல ஒரே படலமாக நின்றால் சரி. அதன்பிறகு கையுறை இல்லாமல் தொடாதீர்கள். காய்ந்ததும் அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.

உடுமலையிலிருந்து: எந்த மாசம் அடிக்கலாம்?

தை, மாசி. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மண்ணை வாரிக்கொண்டு வரும். விசைத்தறி பக்கம் என்றால் பஞ்சும் சேர்ந்து ஒட்டும். மார்கழியில் விடிகாலைப் பனி தகட்டில் வேர்க்கும், வெயில் ஏறிய பிறகே தொடங்குங்கள். கம்ப்ரசர் டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுங்கள்.

ஈரோட்டிலிருந்து: வீட்டை ஒட்டித்தான் ஷெட் இருக்குங்க. குழந்தைகள் இருக்காங்க. கரி மாஸ்க் போதுங்களா?

போதாது அம்மணி. ஹார்டனர் கலக்கும் பாலியூரிதேன் பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. ஆபத்தான அளவிலும் அது மூக்குக்குத் தெரியாது. மாஸ்க்கில் கரி தீர்ந்துபோனாலும் தெரியாது. ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமல் போனால், பிறகு துளியூண்டு பட்டாலே ஆஸ்துமா வரும். வெளியிலிருந்து நல்ல காற்று வரும் முகமூடியும், உடம்பு முழுக்க மூடும் உடையும் வேண்டும். வீட்டை ஒட்டிய ஷெட்டில் இந்த வேலை வேண்டாம். பாகங்களைக் கழற்றி, ஸ்ப்ரே பூத் உள்ள கார் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: மஞ்சள் கலர் ஆசைங்கண்ணா. பெயின்ட் எவ்வளவு எடை வரும்?

இந்த அளவு விமானத்துக்கு மொத்தம் 10 கிலோவை ஒட்டி வரும். மஞ்சளும் சிவப்பும் சீக்கிரம் மூடாது, கோட் கூடும், எடையும் கூடும். அடியில் வெள்ளை அடித்துக்கொண்டால் மஞ்சள் குறைவாகப் பிடிக்கும்.

மொத்த எடையைவிட அது எங்கே ஏறுகிறது என்பதுதான் என் கவலை. இறக்கையைச் சாய்க்கும் எய்லிரான், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், ரடர் என்ற மூன்று அசையும் பலகைகளிலும் கீலுக்குப் பின்னால்தான் பரப்பு அதிகம், பெயின்ட்டும் அங்கேதான் சேரும். பின் ஓரம் கனத்தால் வேகத்தில் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். பிளட்டர் என்பது இதுதான். சில நொடியில் வாலே பிய்ந்துபோகலாம். அதனால் பெயின்ட் காய்ந்ததும் ஒவ்வொன்றையும் கீல் அச்சில் தராசுபோலத் தாங்கி, எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பாருங்கள். கிட் கையேட்டில் சொன்ன அளவுக்கு வரும்வரை எதிரெடையாக முன்பக்கம் வைத்த ஈயத்தைச் சரிசெய்யுங்கள். பழைய பெயின்ட்டைச் சுரண்டாமல் மேலே இன்னொரு கோட் அடித்தாலும் திரும்பப் பார்த்தே ஆகவேண்டும். பிறகு முழு விமானத்தையும் எடை போட்டு ஈர்ப்பு மையத்தைக் கணக்கிடுங்கள். வாலில் ஏறிய அரைக் கிலோ அந்தக் கணக்கில் நன்றாகவே தெரியும்.

கோபியிலிருந்து: கேனபி, துளைகள்?

கேனபி, அதாவது உட்காரும் இடத்தை மூடும் கண்ணாடி போன்ற கூடு, அக்ரிலிக். தின்னர் பட்டால் மயிரிழை விரிசல் விடும். இரண்டு அடுக்கு மூடுங்கள். வேகமும் உயரமும் காட்டும் கருவிகளுக்குக் காற்றழுத்தம் போகும் ஸ்டேட்டிக் துளை, பிட்டோ குழாய், பிறகு தண்ணீர் வடியும் துளை மூன்றையும் பளிச்சென்ற நிற டேப்பால் அடையுங்கள், எடுக்க மறக்காமல் இருக்கும்.

திருப்பூரிலிருந்து: பெயின்ட் அடிக்காமல் முதலில் பறக்கலாமா சார்?

பறக்கலாம், நானும் அதைத்தான் சொல்வேன். இறக்கை ஒரு பக்கம் சாய்கிறதா, எங்கே திருத்த வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். திருத்தி முடித்துவிட்டுப் பெயின்ட்டுக்குப் போங்கள். ஆனால் விமானத்தின் பதிவெழுத்து (கார் நம்பர் மாதிரி) முதல் நாளே இருக்கவேண்டும். சர்வதேச விதிப்படி இறக்கையில் குறைந்தது 50 சென்டிமீட்டர், உடல் பகுதியில் 30 சென்டிமீட்டர் உயரம். இப்போதைக்கு வினைல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள், பெயின்ட் அடிக்கும்போது உரித்துவிடலாம்.