நில அளவையியலைப் பட்டப்படிப்பாக எடுக்கலாமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் நில அளவையியல் படிக்க எண்ணியிருக்கிறேன். ஜிபிஎஸ்ஸும் ட்ரோனும் வந்துவிட்ட பிறகு இதைத் தொழிலாக நம்பி இறங்கலாமா?

இறங்கலாம். அந்தப் பட்டத்தைப் பெற்று, அதை வைத்தே பதினைந்து ஆண்டுகளாக வேலை பார்த்து வருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கருவியை இயக்கக் கற்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் மூன்று நான்கு ஆண்டுகளைச் செலவழிக்க வேண்டியதில்லை. முக்காலியை நிறுத்தி, மட்டக் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் டோட்டல் ஸ்டேஷனில் அளவெடுக்கக் கெட்டிக்காரர் ஒருவருக்குச் சில வாரங்களே போதும். எடுத்த அளவு எவ்வளவு பிசகியிருக்கக்கூடும், அந்தப் பிசகு எங்கிருந்து வந்தது, அதன் கீழே கையெழுத்துப் போடலாமா கூடாதா என்று தீர்மானிக்கத்தான் அத்தனை ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

வகுப்பில் இதைப் பலமுறை கேட்டிருந்தும், வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில்தான் எனக்கு உறைத்தது. ஏறக்குறைய சதுரமாக இருந்த ஓர் இடத்தின் நான்கு மூலைகளிலும் நிலையங்கள் வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கோணமும் தூரமும் அளந்துகொண்டே போகும் ட்ராவர்ஸ் எடுத்தேன். தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து கணக்கிட்டபோது கிளம்பிய இடத்துக்கும் கணக்கில் வந்து சேர்ந்த இடத்துக்கும் உள்ள இடைவெளி, அதாவது முடிவுப் பிழை, ஓரிரு மில்லிமீட்டர்தான் இருந்தது. பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மூத்த அளவையர் என் தாளைப் புரட்டிப் பார்க்காமலேயே, "எந்தப் பிரிசத்தை எடுத்துப் போனீர்கள்?" என்று கேட்டார். அன்று காலையில், கருவியின் ஒளிக்கற்றையைத் திருப்பி அனுப்பும் வழக்கமான கண்ணாடிப் பிரிசத்துக்குப் பதிலாக வேறொன்றை எடுத்துப் போயிருந்தோம். அதற்குரிய மாறிலியை, அதாவது தூரத்தில் செய்ய வேண்டிய திருத்தத்தை, கருவியில் நான் மாற்றவில்லை. அதனால் ஒவ்வொரு பக்கமும் 30 மில்லிமீட்டர் கூடுதலாகப் பதிவாகியிருந்தது. நான்கு பக்கங்களும் ஒரே அளவு நீண்டதால் எதிரெதிர்ப் பக்கங்களின் பிழைகள் ஒன்றையொன்று கழித்துவிட, தவறான சதுரம் மிக அழகாக மூடிக்கொண்டது. தூரம் ஏற்கெனவே தெரிந்த இரு புள்ளிகளுக்கு இடையே ஒருமுறை அளந்து பார்த்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஒரு நாள் வேலையை மறுபடியும் செய்தேன்.

பெரியவர்களுக்கும் இது நேர்கிறது. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே ரைன் ஆற்றின் மேல் லாஃபன்பர்க் என்ற இடத்தில் பாலம் கட்டினார்கள். ஒரு நாடு தன் உயரங்களை ஆம்ஸ்டர்டாம் கடல்மட்டத்திலிருந்தும் மற்றொன்று மார்செய் கடல்மட்டத்திலிருந்தும் கணக்கிடுவதால், இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வேறுபாடு உண்டு. அது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது, திருத்தமும் செய்தார்கள். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டதால், 2003-இல் பார்த்தபோது இரு கரைகளுக்கும் இடையே 54 சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தது. கருவிகள் எதுவும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி ஜிபிஎஸ் பற்றி. கைப்பேசி காட்டும் இடம் சில மீட்டர் முன்பின் இருக்கும். இடம் துல்லியமாகத் தெரிந்த அடிப்படை நிலையத்திலிருந்து உடனுக்குடன் திருத்தம் பெறும் ஆர்டிகே முறையில் அது ஓரிரு சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. இவ்வளவு துல்லியம் எளிதாகக் கிடைக்கும்போது அளவையர் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் உயரத்தைக் காட்டுவேன். செயற்கைக்கோள் தருவது, பூமியின் வடிவத்துக்கு ஒத்த கணித நீள்கோளத்திலிருந்து அளந்த உயரம். தண்ணீரோ புவியீர்ப்பு சொல்லும் பக்கம்தான் ஓடும். ஈர்ப்பு தீர்மானிக்கும், சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய ஜியாய்ட் பரப்பு, இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அந்த நீள்கோளத்துக்குச் சுமார் 106 மீட்டர் கீழே கிடக்கிறது. இந்த இடைவெளி இடத்துக்கு இடம் மாறுவதால், திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பிக் கால்வாய் வெட்டினால் தண்ணீர் எதிர்த்திசையில் ஓடவும் கூடும். ட்ரோனும் அப்படித்தான்: ஒரு மணி நேரத்தில் கோடிக்கணக்கான புள்ளிகளைக் கொட்டிவிடும், தரையில் இடம் துல்லியமாக அளக்கப்பட்ட, நம்பகமான கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இல்லாவிட்டால் அத்தனையும் ஒருசேர நகர்ந்து நிற்கும். கருவிகள் பெருகியதால் எங்கள் வேலை குறையவில்லை; களத்தில் கழிந்த நேரத்தில் பாதி இப்போது கணினி முன் கழிகிறது, அவ்வளவுதான்.

கணிதத்தைக் கண்டு ஓடுபவருக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது. முக்கோணவியல் தொடக்கம் மட்டுமே. அளவுகளின் பிழைகளைச் சரிக்கட்டும் மீச்சிறு வர்க்க முறை, நிகழ்தகவு, வளைந்த பூமியைத் தட்டையான தாளில் வரையும் புவிப்பட எறிவுகள் என்று அது நீளும். பலர் எதிர்பாராதது சட்டப் பாடம். பல நாடுகளின் சட்டத்தில், பத்திரத்தில் எழுதிய தூரத்தைவிட முதலில் நட்ட எல்லைக்கல்லுக்கே மதிப்பு அதிகம். ஆகவே எல்லை அளவையர் பாதி நாள் துப்பறிவாளராகத்தான் இருக்கிறார், புதருக்குள் புதைந்த கல்லைத் தேடிக்கொண்டு. (எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.) எல்லை வேலை வேண்டாம் என்றால் கடலடி அளவை, சுரங்கம், அணைகளின் அசைவைக் கண்காணித்தல் எனக் கிளைகள் உண்டு.

உடல் உழைப்பையும் மறைக்க விரும்பவில்லை. வெயில் ஏறினால் தரைக்கு மேலுள்ள காற்று நடுங்கி, கருவியின் தொலைநோக்கியில், தூரத்தில் பிடித்திருக்கும் அளவுகோலின் கோடுகள் நெளியும். அதனால் பொழுது விடியும் முன்பே களத்தில் நிற்க வேண்டிவரும்.

விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, களப்பயிற்சிக்கு எத்தனை வாரங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பல நாடுகளில் பட்டத்துக்குப் பிறகும், உரிமம் பெற்றவரின் கீழ் சில ஆண்டுகள் பணியாற்றித் தேர்வு எழுதினால்தான் எல்லை வரைபடத்தில் கையெழுத்திட முடியும். நீங்கள் வேலை செய்ய விரும்பும் நாட்டில் அந்தப் பட்டம் உரிமத்துக்கு ஏற்கப்படுகிறதா என்பதையும் முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். முடிந்தால் ஒரு குழுவோடு ஒரு நாள் போய் அளவுகோலைப் பிடித்து நில்லுங்கள். சரியாக வந்த அளவையே அவர்கள் இரண்டாம் முறை எடுக்கும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, ஆர்வம் வருகிறதா என்று அன்று தெரிந்துவிடும்.