வுல்ஃப்-பார்க்கின்சன்-ஒயிட் என்றால் கை நடுக்க நோயா?

இல்லை. உங்கள் அப்பாவின் ஈசிஜி ரிப்போர்ட்டில் உள்ள "வுல்ஃப்-பார்க்கின்சன்-ஒயிட்" இதயத் துடிப்புச் சிக்கல். நடுக்குவாதத்துக்கும் (பார்க்கின்சன் நோய்) அதற்கும் சம்பந்தமே இல்லை, பயப்படாதீர்கள்.

குழப்புவது பெயர்தான். 1817-இல் நடுக்குவாதத்தை விவரித்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். 1930-இல் வுல்ஃப், ஒயிட் இருவரோடு இதயக் கோளாறைப் பற்றி எழுதியவர் ஜான் பார்க்கின்சன், வேறு ஆள்.

ரிப்போர்ட்டில் பிஆர் இடைவெளியை, அதாவது மின்தூண்டல் இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போக எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். 120 மில்லி செகண்டுக்குக் குறைவாக இருந்து, "டெல்டா அலை" (ஈசிஜி கோட்டில் கீழறைத் துடிப்பின் ஏற்றம் சாய்வாகத் தொடங்குவது) என்றும் எழுதியிருந்தால் அந்தச் சந்தேகம்தான். இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே பிறவியிலேயே அமைந்த கூடுதல் மின்பாதைதான் காரணம்.

மெஷின் அச்சடித்த வரி மட்டும் போதாது, இதய மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். திடீர்ப் படபடப்போடு மயக்கம் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.