ஜெகில் நல்லவரா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் வாசிப்புக் குழுவில் சென்ற வாரம் ஸ்டீவன்சனின் ‘டாக்டர் ஜெகிலும் மிஸ்டர் ஹைடும்’ குறுநாவலைப் பற்றிப் பேசினோம். ஜெகில் மனிதனுக்குள் இருக்கும் நன்மை, ஹைட் தீமை, இரண்டுக்கும் நடக்கும் போரில் தீமை வென்றுவிடுகிறது என்றே பெரும்பாலானோர் சொன்னார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஏன் என்று எடுத்துச் சொல்லவும் வரவில்லை. இருவரையும் எப்படி வேறுபடுத்திப் பார்ப்பது? முடிவில் தற்கொலை செய்துகொள்பவர் இருவரில் யார்?

அன்புடன்,
வி.

அன்புள்ள வி.,

உங்கள் தயக்கத்துக்கு நாவலிலேயே ஆதாரம் இருக்கிறது. தன்னை ஹைடாக உருமாற்றும் மருந்தைக் கண்டுபிடித்த பிறகு தனக்கு இரண்டு உருவங்கள் வாய்த்தன என்றும், அவற்றில் ஒன்று முழுக்கத் தீமையால் ஆனது, மற்றது நல்லதும் கெட்டதும் கலந்த அதே பழைய ஹென்றி ஜெகில்தான் என்றும் கடைசி அத்தியாயமான வாக்குமூலத்தில் ஜெகிலே எழுதுகிறார். மருந்து தீமையைத் தனியே பிரித்ததே ஒழிய நன்மையைப் பிரிக்கவில்லை. நன்மை மட்டுமேயான ஒருவர் கதையில் எங்கும் பிறப்பதில்லை. அந்த மருந்துக்கென்று ஒரு சார்பும் கிடையாது. உயர்ந்த நோக்கத்தோடு அதை அருந்தியிருந்தால் தன்னிலிருந்து ஒரு தேவதூதன்கூட வெளிப்பட்டிருக்கலாம் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆகவே நாம் ஒப்பிடுவது ஒரு முழு மனிதரையும், அவரிலிருந்து பிரிந்து வந்த ஒரு பகுதியையும்தான்.

தோற்றத்திலேயே ஸ்டீவன்சன் இதைக் காட்டிவிடுகிறார். ஜெகில் ஐம்பது வயதை ஒட்டியவர், நல்ல உடற்கட்டு உடையவர், மழுமழுவென்ற முகத்தினர். ஆனால் அவரை நமக்கு முதன்முதலில் காட்டும்போதே அந்த முகத்தில் லேசான கள்ளத்தனத்தின் சாயலையும் ஆசிரியர் சேர்த்துவிடுகிறார். பலரும் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஹைட் குள்ளமானவன், வயதிலும் இளையவன். வாழ்நாளில் பெரும்பகுதியை நற்பெயருக்காகவே செலவிட்டதால், அதிகம் பயன்படாமல் கிடந்த தீய பகுதி சிறுத்தும் தேய்ந்து போகாமலும் இருந்தது என்பது ஜெகில் தரும் விளக்கம். ஒரு நாள் காலையில் கண் விழிக்கும்போது, போர்வையின் மேல் கிடக்கும் தன் கை வெளுத்த பெரிய மருத்துவரின் கையாக இல்லாமல், நரம்பு புடைத்து, முட்டி துருத்தி, கருமயிர் அடர்ந்திருப்பதை அவர் பார்க்கிறார். இரவில் ஜெகிலாகப் படுத்தவர் மருந்து குடிக்காமலேயே ஹைடாக எழுந்திருக்கிறார்.

ஆனால் உடலைவிட முக்கியமானது இருவருக்கும் இடையே உள்ள ஏற்பாடு. தெருவில் மோதிய சிறுமியை மிதித்துக்கொண்டு போகிற ஹைட், கூடியவர்கள் மிரட்டியதும் நூறு பவுண்டு நஷ்டஈடு தர ஒப்புக்கொள்கிறான். பத்துப் பவுண்டைத் தங்க நாணயமாகவும் மீதியைக் காசோலையாகவும் கொண்டுவருகிறான். காசோலையில் இருப்பது ஜெகிலின் கையொப்பம். லண்டனின் சோஹோ பகுதியில் ஹைடுக்கு வீடு பிடித்து, நல்ல ரசனையோடு அறைகளை அமைத்துத் தந்தவரும் ஜெகில்தான்; தான் காணாமல் போனால் சொத்து அவனுக்கே சேர வேண்டும் என்று உயில் எழுதியவரும் அவர்தான். குற்றம் செய்தவன் ஹைட், எனவே தனக்குக் கறையில்லை என்று அவர் தமக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். ஹைடிடம் கொடூரம் உண்டு, போலித்தனம் கிடையாது. இரண்டும் சேர்ந்து இருப்பது ஜெகிலிடம்தான்.

இதற்கு நாவலிலேயே சிறந்த இடம் என்று நான் கருதுவது ரீஜெண்ட் பூங்காக் காட்சி. நாடாளுமன்ற உறுப்பினரான சர் டேன்வர்ஸ் கேரூ ஹைடின் கையால் கொலையுண்ட பின் ஜெகில் ஹைடைக் கைவிட்டு, சில மாதங்கள் பிறர் துயர் துடைப்பதில் ஈடுபடுகிறார். ஜனவரியில் வெயிலடிக்கும் ஒரு பகலில் பூங்கா பெஞ்சில் அமர்ந்து, நானும் மற்றவர்களைப் போன்றவன்தானே என்று எண்ணத் தொடங்குகிறார். அடுத்து, யாருக்கும் எதுவும் செய்யாமல் சோம்பிக் கிடக்கிற அவர்களோடு தம் தொண்டுப் பணியை ஒப்பிட்டுப் புன்னகைக்கிறார். அந்தக் கணத்திலேயே குமட்டலும் நடுக்கமும் வந்து அவர் ஹைடாகிவிடுகிறார். கோபத்திலோ காமத்திலோ அல்ல, தற்பெருமையில்தான் உருமாறுகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் குழுவினரின் எண்ணத்துக்கு மேடையும் திரையும் ஒரு காரணம். 1886 ஜனவரியில் வெளிவந்த கதை மறு ஆண்டே பாஸ்டனில் ரிச்சர்ட் மான்ஸ்ஃபீல்டின் நடிப்பில் நாடகமாயிற்று. மூலத்தில் இல்லாத ஒரு காதலி அதில் ஜெகிலுக்குக் கிடைத்தாள். பின்னர் வந்த திரைப்படங்கள் பலவும் அதே தடத்தில் போய் அவரைத் தூய காதலனாக்கின. ஸ்டீவன்சனுக்கு இது உவப்பாக இல்லை. ஹைட் வெறும் காமுகன் அல்ல என்றும், கேடு இருந்தது ஜெகிலிடம்தான், ஏனெனில் அவர் வேடதாரி என்றும் 1887-இல் ஒரு கடிதத்தில் அவர் எழுதினார்.

முடிவைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகும் வழக்கறிஞர் அட்டர்சன் காண்பது, மருத்துவரின் தொளதொளத்த உடைகளுக்குள் கிடக்கும் ஹைடின் உடலையும் அவன் கையில் நொறுங்கிய நச்சுக் குப்பியையும்தான். எனவே நஞ்சை அருந்தியவன் ஹைட் என்றே கொள்ள வேண்டும். ஜெகிலோ, மருந்து தீர்ந்துவிட்டது, இதுவே என் உண்மையான மரண வேளை, இனி நடப்பது வேறொருவனைச் சேர்ந்தது என்று எழுதிப் பேனாவை வைத்துவிடுகிறார். ஹைட் தூக்கு மேடை ஏறுவானா, தன்னைத்தானே முடித்துக்கொள்ளத் துணிவானா என்பதில் தமக்கு அக்கறை இல்லை என்றும் அங்கேயே சொல்கிறார். அவன் உயிர்மேல் வைத்திருக்கும் பற்று வியக்கத்தக்கது, அதை எண்ணினால் இரக்கம்கூட வருகிறது என்று சற்று முன்தான் எழுதியிருந்தார். அப்படிப்பட்டவனிடமே சாகும் வேலையை விட்டுச் செல்கிறார். குழுவில் இந்தப் பேச்சு மறுபடி எழுந்தால், அந்தக் கடைசிப் பத்தியை உரக்கப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.