வானமும் ஒரு எனாமல் தட்டும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் தனுஷ்கோடி போயிருந்தோம். சாலைக்கு ஒரு பக்கம் கடல் பச்சை, மறுபக்கம் நீலம். ஆறாவது படிக்கும் மகள் ஏன் என்று கேட்டாள். வானம் தெரிகிறது என்றேன். “ரெண்டு பக்கமும் ஒரே வானம்தானேப்பா” என்றாள். இணையத்தில் பார்த்தால் ராமன் விளைவுதான் காரணம் என்கிறார்கள். அதையே சொல்லிவிடலாமா? அறிவியலைத் தமிழில் படித்தால் பின்தங்கிவிடுவாளோ என்றும் கவலையாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்,

தமிழில் படித்தால் பின்தங்குவார்களா என்பதற்குப் பலமுறை எழுதி அலுத்துவிட்டேன். விடுங்கள். உங்கள் மகளைப் பற்றிப் பேசுவோம். எவ்வளவு அழகாக மடக்கியிருக்கிறாள்!

கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று சொன்னவர் சாதாரண ஆள் இல்லை, ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு. 1921-ல் ஐரோப்பாவிலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பிய நம் இயற்பியலாளர் சி.வி. ராமன் அதை நம்பவில்லை. நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கண்ணில் வைத்து, மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை மட்டும் அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று பம்பாய் துறைமுகத்திலிருந்து ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார்.

ராமன் விளைவு 1928-ல் வந்தது, வேறு சங்கதி. சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருவது அது. கடல் நீலமாக இருப்பதற்கு அது காரணமில்லை. நீங்கள் செய்தது என்ன தெரியுமா? வானத்தை இறக்கிவிட்டு அதே நாற்காலியில் ராமனை உட்கார வைத்தீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், பள்ளியில் நானும் ‘கடல் வானத்தின் கண்ணாடி’ என்று எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான்.

அந்த விடைத்தாளைக் காட்டியபோது மாமா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மண்டபத்திலிருந்து வள்ளத்தில் கூட்டிப்போனார். முயல் தீவுப் பக்கம், தெளிந்த தண்ணீர். கஞ்சி குடித்த எனாமல் தட்டைக் கழுவி, துண்டு வலையில் ஒரு கல்லோடு வைத்துக் கட்டி இறக்கினார். வெள்ளைத் தட்டு, சிவப்பு விளிம்பு. இரண்டு பாகம் (ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்) கயிறு போனதுமே சிவப்பு பழுப்பாயிற்று. நாலு பாகத்தில் அது கறுப்பு. தட்டு மட்டும் வெளிர்நீலமாக இறங்கிக்கொண்டிருந்தது. “செவப்பைத் தண்ணி குடிச்சிருச்சு பாத்தியாடா” என்றார்.

அவ்வளவுதான் விஷயம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து அதிரும் அதிர்வு சிவப்பு ஒளியை விழுங்குகிறது. ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் இருந்தால் அதிர்வு மந்தமாகி, விழுங்குவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும். அதனால்தான் அப்படி அமைந்த கனநீருக்கு நிறமில்லை. விழுங்கியது போக மிஞ்சிய நீலத்தை மேலே திருப்பி அனுப்புவதில்தான் ராமனின் சிதறலுக்குப் பங்கு. விழுங்குவதைச் சொல்லாமல் சிதறலை மட்டும் சொன்னால் அது பாதிக் கதை. மேடைதோறும் அந்தப் பாதியைத்தான் சொல்கிறார்கள், எரிச்சலாக வருகிறது.

அட, தனுஷ்கோடியை மறந்துவிட்டேன். பாக் விரிகுடாப் பக்கம், நம்மவர்கள் பெண்கடல் என்பார்களே, ஆழம் குறைவு. வண்டல் எளிதில் கலங்கும். மிதக்கும் நுண்பாசிகள் நீலத்தையும் சிவப்பையும் எடுத்துக்கொள்ள, பச்சை மிஞ்சும். மன்னார் வளைகுடா ஆழம். ஆனால் எந்தப் பக்கம் எப்போது கலங்கும் என்பது காற்றைப் பொறுத்தது. மகளை வாடைக் காலத்தில் ஒரு தடவை, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது ஒரு தடவை கூட்டிப்போங்கள்.

தட்டு கொண்டுபோனால் முடிச்சை நன்றாகப் போடுங்கள். மாமா போட்டது அவிழ்ந்துவிட்டது. அத்தை இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.