ஃபார்மட் பண்ணிடலாமா?

கேள்வி: பழைய டெஸ்க்டாப்ங்க, விண்டோஸ் 10. ஆன் பண்ணா 'ஸ்கேனிங் அண்ட் ரிப்பேரிங் டிரைவ்'னு வந்து 11 சதவீதத்துலயே நிக்குது. பொண்ணு கல்யாண போட்டோ பூரா அதுலதான் இருக்கு. ஃபார்மட் பண்ணிடலாமா?

பதில்: ஐயோ, ஃபார்மட்ல கையே வெச்சிடாதீங்க! முதல்ல கேபினட் கிட்ட காதை வெச்சு கேளுங்க, டக்... டக்...னு சத்தம் வந்தா ஹார்ட்டிஸ்க்ல டேட்டாவைப் படிக்கிற ஹெட் பெரும்பாலும் போயிட்டு இருக்குன்னு அர்த்தம், உடனே ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட குடுங்க, திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பாத்தீங்கன்னா இருக்கறதும் போயிடும்.

சத்தம் இல்லையா? பவர் பிளக்கை உருவிட்டு சாட்டா கேபிளை (ஹார்ட்டிஸ்கையும் மதர்போர்டையும் இணைக்கிற ஒயர்) ரெண்டு பக்கமும் கழட்டி மாட்டுங்க, அது லூசா இருந்தாலும் இதே எரர் வரலாம் (சில கேஸ் இதுலயே முடிஞ்சிடும்). அப்பவும் விண்டோஸ் வரலன்னா, வேற கம்ப்யூட்டர்ல வெச்சு பென்டிரைவ்ல உபுண்டு (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டம், இலவசம்) போட்டு, உங்க டெஸ்க்டாப்பை அதுலேருந்து பூட் பண்ணி, இன்ஸ்டால் பண்ணாம 'ட்ரை' மோடுல ஓட்டி, போட்டோவை எல்லாம் வெளி ஹார்ட்டிஸ்குக்கு காப்பி பண்ணிடுங்க.

அதுக்கப்புறம்தான் செக்டிஸ்க் (chkdsk, டிஸ்க்ல இருக்கற தப்பைத் தேடிச் சரிபண்ற விண்டோஸ் கமாண்ட்). விண்டோஸ் ரெக்கவரி மெனுல வர்ற கமாண்ட் பிராம்ப்ட்ல (கமாண்ட் அடிக்கிற கருப்பு ஜன்னல்) உங்க சி டிரைவ் சில சமயம் டி-னு காட்டும், பாத்து அடிங்க. அந்த கமாண்டோட ஸ்லாஷ் ஆர் (/r) போட்டா டிஸ்கை ஒவ்வொரு செக்டாரா (சின்னச் சின்ன பகுதியா) படிக்கும், 1 டிபின்னா பல மணி நேரம் ஆகும், நடுவுல ஆஃப் பண்ணாதீங்க. மறுபடி பேட் செக்டார் (கெட்டுப்போன பகுதி) கூடிட்டே போனா டிஸ்கை மாத்திடுங்க, எஸ்எஸ்டியா வாங்குங்க.