தொட்டிக்குள் மூச்சு முட்டும் சுறா

கேள்வி: திமிங்கிலச் சுறாவையே கண்ணாடித் தொட்டியில் வைத்துக் காட்டுகிறார்கள். அதில் பாதி நீளம்தான் இருக்கும் பெரிய வெள்ளைச் சுறாவை எந்த மீன் காட்சியகத்திலும் காணோமே, ஏன்? கடித்துவிடும் என்ற பயமா?

பதில்: பயமில்லை. பல காட்சியகங்கள் முயன்று பார்த்துவிட்டன. பெரும்பாலும் சுறா செத்தது, அல்லது சாகுமுன் கடலில் விடப்பட்டது.

நீளத்தை வைத்து ஒப்பிட்டதில்தான் உங்கள் கேள்வி வழி தவறுகிறது. திமிங்கிலச் சுறா மெதுவாக மேய்கிற பிராணி; வாய்க்கு நேரே கூனி போன்ற சிற்றிறாலைக் கொட்டினால் விழுங்கிக்கொள்ளும். வெள்ளைச் சுறா ஓரிடத்தில் நின்றபடி செவுளுக்குள் தண்ணீரை இழுத்துக்கொள்ள முடியாது. வாயைச் சற்றே திறந்தபடி முன்னே போய்க்கொண்டிருந்தால்தான் அதற்கு மூச்சு. சுவர் குறுக்கிட்டால் வேகம் தடைப்படும், மூக்கு உரசிப் புண்ணாகும், இரை எடுக்காது. உண்ணாத சுறாவுக்கு நீந்தத் தெம்பு குறையும்; அதோடு மூச்சும் குறையும். 2016 ஜனவரியில் ஜப்பானின் ஒக்கினாவாவில் வலையில் தற்செயலாகச் சிக்கிய மூன்றரை மீட்டர் ஆண் சுறாவைத் தொட்டியில் விட்டார்கள். எதையும் தின்னாமல் மூன்றே நாளில் செத்தது.

இன்னொரு தொல்லை, மின்சாரம். இதன் மூக்கைச் சுற்றி ஜெல்லி நிறைந்த நுண்துளைகள் உண்டு; இரையின் தசை அசைவில் பிறக்கும் மிகச் சிறிய மின்புலத்தைக்கூட அவை உணரும். 1980-இல் சான் பிரான்சிஸ்கோவில் வளையத் தொட்டியில் விடப்பட்ட இளம் பெண் சுறா, குறிப்பிட்ட ஓர் இடம் வரும்போதெல்லாம் தடுமாறி மோதியது. அளந்து பார்த்தால் அங்கே 0.125 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு! சில நாட்களில் கடலுக்கே கொண்டுபோய் விட்டார்கள்.

ஓரளவு வென்றது கலிபோர்னியாவின் மான்டரே பே காட்சியகம் மட்டுமே. அவர்கள் ஒன்றரை மீட்டர் அளவுள்ள குட்டிகளையே எடுத்தார்கள். முதலில் கடலிலேயே பெரிய வலைக்கூண்டில் விட்டு, இரை எடுக்கிறதா, தடுப்பைக் கண்டு ஒழுங்காகத் திரும்புகிறதா என்று பார்த்தார்கள். பிறகுதான் சுமார் 11,000 லிட்டர் தொட்டி பூட்டிய லாரியில் ஏற்றினார்கள். 2004-இல் வந்த பெண் குட்டி 198 நாள் இருந்தது. 28 கிலோவாக வந்தது 73 கிலோவானது. உடனிருந்த இரண்டு சுறாக்களைக் கடித்துக் கொன்றதும் 2005 மார்ச்சில் விடுவித்தார்கள். அடுத்தடுத்து ஐந்து குட்டிகள். 2011-இல் வந்த கடைசிக் குட்டி, கடலில் விட்ட பின் விரைவிலேயே இறந்தது. அத்தோடு நிறுத்தினார்கள். நிறுத்தியது சரி என்பதே என் உறுதியான கருத்து.

இதன் உண்மையான வீட்டைப் பாருங்கள். 2003-இல் தென்னாப்பிரிக்காவில் கருவி பொருத்தப்பட்ட 'நிக்கோல்' என்ற பெண் சுறா, 99 நாளில் 11,000 கிலோமீட்டர் கடந்து ஆஸ்திரேலியாவை எட்டியது. வழியில் 980 மீட்டர் ஆழம் வரை மூழ்கியது. ஒன்பது மாதத்துக்குள் புறப்பட்ட கடலுக்கே திரும்பியும் விட்டது. தசை வெப்பத்தை வெளியே விடாமல் மீட்டுக்கொள்ளும் இரத்தக்குழாய்ப் பின்னல் இருப்பதால், குளிர்நீரிலும் அதற்கு வேகம் குறைவதில்லை. இப்படிப்பட்ட உடலுக்கு எந்தத் தொட்டி போதும்?

நேரில் பார்த்தே ஆக வேண்டுமென்றால், தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனிலிருந்து நெப்டியூன் தீவுகளுக்குப் படகு போகிறது. அங்கே கம்பிக் கூண்டுக்குள் நீங்கள் இருப்பீர்கள். சுறா வெளியே இருக்கும்.